அகற்ற வேண்டியவை

அத்தி பூத்தாற்போல் எப்போதாவது வருகிற புகார்:
தொட்டிகள் வழியை மறிக்கின்றன.
ஒப்பம், யோகொஸெகி, எதிர்வீடு.
அளவுநாடாவை எடுத்துக்கொண்டு
கியோஜிமாவின் சந்துக்குப் போகிறேன்.

வரைபடத்தில் அகலம் நூற்றெண்பது சென்டிமீட்டர்.
காலுக்குக் கீழே எழுபத்தொன்று.
மீதியைச் செடிகள் வைத்திருக்கின்றன.

கணவாய் வந்திறங்கிய வெள்ளைத் தெர்மோகோல் பெட்டியில்
வெங்காயத்தாள்.
சூடேற மறந்த குக்கரின் உள்பாத்திரத்தில் ஷிசோ.
துணி துவைத்துக் களைத்த இயந்திரத்தின் வயிறு
பிறக்கும்போதே ஓட்டைகளோடு பிறந்தது,
அதில் தக்காளி.
யாரோ வளர்ந்து வெளியேறிவிட்ட நீலக் குளியல்தொட்டியில்
ஒரு தாமரை இலை,
இந்த ஆண்டும் பூக்க மனமில்லாமல்.
ஜன்னலில் வலைகட்டி ஏற்றிய பாகற்கொடி
உள்ளே என்ன சமையல் என்று எட்டிப் பார்க்கிறது.

ஒவ்வொன்றும் பக்கத்துத் தொட்டியைத் தோளால் இடித்து
விரல்கடை விரல்கடையாக முன்னால் வந்திருக்கிறது.
ஆக்கிரமிப்பு என்று படிவத்தில் இருக்கிறது.
வளர்ந்தது என்று எழுத இடமில்லை.

கதவைத் திறக்கிறார் கினுயோ தாதோகொரோ.
இரவு டாக்சி ஓட்டுபவர்;
பகல் பதினொன்று அவருக்கு நள்ளிரவு.
"எண்ணிக்கோங்க" என்கிறார் கொட்டாவிக்குள்ளிருந்து.
இருபத்து நான்கு.

பிப்ரவரியில் எதிர்வீட்டம்மாவைத்
தூக்குப்படுக்கையைச் சாய்த்துத்தான்
கொண்டுபோனார்களாமே என்றேன்.
"தெரியும்.
கால்பக்க முனையைப் பிடிச்சது நான்தான்."

திரும்பி வந்தாரா என்று கேட்கவில்லை.
எதிர்வாசலில் ஒரே ஒரு ஜோடிச் செருப்பு.

பதினைந்து நாள் கெடு முடிந்த காலை,
ஆறு மணிக்கே போய்விட்டேன்.
கினுயோ இன்னும் வரவில்லை.
யோகொஸெகி, உள்பனியனோடு,
தேநீர்க் கெட்டிலால்
பாகலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.
என்னைக் கண்டதும் கெட்டில் முதுகுக்குப் பின்னால் போனது;
மூக்கிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவங்க வர ஏழரை ஆகும்.
ஆகஸ்ட் வெயில் ஏழரை வரைக்கும் பொறுக்குமா?"
கொஞ்சம் கழித்து:
"புகார் வேற. தண்ணி வேற."

இருபத்து மூன்று நகர்ந்திருந்தன.
சில மொட்டைமாடிக்கு, சில படிக்கட்டுக்கு,
நான்கு, பார்க்காததுபோல் பார்த்தேன்,
எதிர்வாசலின் உள்பக்கம்.

மிஞ்சியது பெயின்ட் வாளி அத்தி.
ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம்.
வாளி அசைந்தது. மரம் அசையவில்லை.
குனிந்து பார்த்தால்
அடித்துளை வழியே இறங்கி
தாருக்கும் சாக்கடைக் கல்லுக்கும் நடுவே
ஒரு நாணயம் நுழையாத வெடிப்பைக் கண்டுபிடித்து
எந்த வருஷமோ
ஊரின் மண்ணுக்குள் போய்விட்டிருந்தது வேர்.

நகராட்சித் தாளில் இரண்டே கட்டம்:
நகர்வது. நகராதது.
இது முதலாவதாக வந்து
இரண்டாவதாக ஆகிப்போனது.

கினுயோ வந்தார், டாக்சியின் வெள்ளைக் கையுறையோடு.
பார்த்தார். உள்ளே போனார்.
தகரம் வெட்டும் கத்தரியோடு திரும்பினார்.
துருவேறிய வாளி பழத்தோல்போல் உரிந்தது.
உள்ளே வேர்கள்
சுற்றிச் சுற்றிப் பின்னிய மண்,
வாளி போன பிறகும்
வாளியாகவே நின்றது கொஞ்ச நேரம்.
பிறகு ஓரத்திலிருந்து
ஒரு பிடி உதிர்ந்தது.

நாடாவை விரித்தேன்.
தூக்குப்படுக்கை போகும்,
பதினொரு சென்டிமீட்டர் மிச்சத்தோடு.
யோகொஸெகி இரண்டு முறை அளக்கச் சொன்னார்.
இரண்டு முறை அளந்தேன்.

அறிக்கையில் எழுதினேன்:
தொட்டி எதுவும் காணப்படவில்லை.
பொய் ஒரு சொல்கூட இல்லை.

மரங்கள் வேறு துறை.
மூன்றாவது மாடி.
அவர்கள் தொலைபேசியை எடுப்பதே இல்லை.