வத்தம்

புதன்கிழமை தடுப்பூசி.
வெள்ளிக்கிழமை சர்க்கரை, பிரஷர்.
மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறது அட்டவணை,
வட்டாரத்திலிருந்து வந்தது, நீல முத்திரையோடு.

களிமண்குண்டுக்குக் கிழமைகள் வேறு.
அமாவாசை வத்தம், பௌர்ணமி வத்தம்,
இரண்டுக்கும் ஆறாறு நாள்.
விடியுமுன்னே வள்ளம் போய்விடும்
தலையாரித் தீவுப் பக்கம்.
கடல் இடுப்பளவு இறங்கிக் கிடக்கும் நேரத்துக்குள்
பார் மேல் கால் ஊன்றிப் பாசி பறிக்கிறவர்கள்
என் வெள்ளிக்கிழமைக்காகக்
கரையேறி வந்து பெஞ்சில் உட்கார மாட்டார்கள்.

முதல் வருஷம் பதிவேட்டில் எழுதினேன்:
வரவில்லை, வரவில்லை, வரவில்லை,
இருபத்தேழு பெயருக்கு நேரே.
இரண்டாம் வருஷம்
வள்ளக்காரர் அந்தோணிராயரிடம் கேட்டுக் கேட்டு
வத்த நாள்களைக் காலண்டரில்
பென்சிலால் சுழித்து வைத்தேன்.

அதிலிருந்து நாலு மணிக்குக் கரையில் நிற்கிறேன்.
கழுத்தில் டார்ச், கையில் சர்க்கரை மிஷின்.
விரல் நீட்டச் சொன்னால்
துணி சுற்றிய விரல்கள் வருகின்றன.
அவிழ்த்தால்
குத்துவதற்கு முழுசான தோல் தேட வேண்டும்.
"எதுக்கு ஊசி, இந்தா வடியுதே, இதைத் தொட்டுக்க"
என்கிறாள் ராக்கு.
எல்லாரும் சிரிக்கிறார்கள், நானும்.

சீனியம்மாளுக்குச் சீனி முந்நூற்று நாற்பத்திரண்டு.
பேர் வச்ச எங்கப்பனைக் கேளு என்றாள்.
சட்டிமூடியை வெட்டிய தகடு,
சைக்கிள் டியூப் வார்,
அதுதான் அவள் செருப்பு.
கழற்றினால்
பெருவிரலுக்கு அடியில் ஒரு வாய் திறந்திருந்தது,
சாம்பல் நிறத்தில், வலியில்லாமல்.

உணர்ச்சி பார்க்கும் இழை
எங்கள் நிலையத்துக்கு இன்னும் வரவில்லை.
வலையிலிருந்து தங்கூசி ஒரு துண்டு நறுக்கிக் கழுவினேன்.
கண்ணை மூடிக்க, தொட்டதும் சொல்லு.
குதிகால், நடுப்பாதம், ஓரம், விரல் விரலாக.
ஒன்பது இடம்.
காற்று கச்சானுக்கு மாறி
வள்ளத்தில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.
கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:
"இன்னும் ஆரம்பிக்கலையா தாயி?"

அறிவுரை என்று ஒரு கட்டம் உண்டு படிவத்தில்.
ஆறு வாரம் கடலில் இறங்கக் கூடாது என்றேன்.
அவள் அதை மனசுக்குள் மாற்றிப் பார்த்தாள்:
"மூணு வத்தம்."
பிறகு ரூபாயில் மாற்றினாள்.
பிறகு ஏவாரியிடம் வாங்கிய முன்பணத்தில்.
"ஒரு வத்தம் இருக்கேன். அதுக்கு மேல கேக்காத."

இருந்தாள்.
மற்றவர்கள் கொண்டுவந்த மரிக்கொழுந்துப் பாசியை
மணலில் விரித்து, கல் பொறுக்கி, புரட்டிப் போட்டு.
ஆளுக்கு ரெண்டு கிலோ அவள் பங்கில் போட்டதாக
ராக்கு சொன்னாள்.
இல்லை, ஒன்றுதான் என்று
இன்னொருத்தி சண்டைக்கு வந்தாள்.

அடுத்த வத்தத்தில்
நான் கரைக்கு வருமுன்னே வள்ளத்தில் இருந்தாள்,
அணியத்து ஓரமாக,
காலைச் சாக்குக்கு அடியில் மறைத்துக்கொண்டு.
டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பவில்லை நான்.
சரியா தப்பா என்று
பயிற்சியில் எவரும் சொல்லித்தரவில்லை.
கட்டுத்துணிப் பொட்டலத்தையும் பிளாஸ்டிக் பையையும்
ராக்குவின் மடியில் எறிந்தேன்.
மோட்டார் கிளம்பியது.

படிவத்தில் எழுதினேன்: அறிவுரை வழங்கப்பட்டது.

நல்ல தண்ணீர் குடம் பன்னிரண்டு ரூபாய்.
ஒரு குடம் வாங்கி
அரைக் குடத்தைக் காய்ச்சி மூடி வைத்தேன்.
ஒரு மணி வெயிலில் வந்து இறங்கினார்கள்,
கண் சிவந்து, பாதி பேசாமல்.
வனத்துறை படகு துரத்தியதாம்.
சீனியம்மாள் தானாகவே வந்து
கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து காலை நீட்டினாள்.
பை கிழிந்திருந்தது. கட்டு பாதி நனைந்திருந்தது.
பாதிதான்.

மெல்ல ஊற்றினேன்.
"சுடுதா?" என்றேன், பழக்கதோஷத்தில்.

என் முகத்தைப் பார்த்தாள்.
"ஒன் கையைக் கேட்டுச் சொல்லு."