முயல் போன வழி

இரவு பன்னிரண்டுக்குப் பிறகு தண்ணீரும் கூடாது.
விடிய எழும்பிப் பார்த்தால்
வின்னிபெக்கில் மைனஸ் இருபத்தொன்பது,
வாசலில் முயல் போன தடம்.
பனி விழாத நாளிலும் அது
இந்த வழியாகத்தான் போயிருக்கும்.
எனக்குத்தான் தெரியாது.

மரிசெல் கோப்பையை நீட்டினாள்.
ஸ்ட்ரோபெரி என்றாள்.
ஸ்ட்ரோபெரி எட்டிப் பார்த்துவிட்டுப் போன
சுண்ணாம்புக் கூழ்.
கையளவு கோப்பைக்கு
கல்லைப் போல ஒரு கனம்.
"ரத்தத்தில் சேராது," என்றாள்,
"எதையும் எடுக்காமல் எதையும் கொடுக்காமல்
வெளியே போய்விடும்.
இரண்டு நாள் வெள்ளையாய்ப் போகும், பயப்படாதே."

நிமிர்த்திய மேசையில் முதுகைச் சாய்த்தேன்.
சதைக்குள் புகுந்து அப்பால் போகும் கதிருக்கு
என் உணவுக்குழாயும் அதைச் சுற்றிய நானும்
ஏறக்குறைய ஒன்றுதான்.
பாரமான ஏதாவது குறுக்கே நின்றால்தான்
அது தடைப்படும்.

வாயில் வைத்திரு. இப்போது விழுங்கு.

குடித்தது வெள்ளை;
திரையில் இறங்கியது கறுப்பு.
நிழல் வேறென்ன நிறத்தில் விழும்?
மூன்று மிடறுக்குள்
நாற்பத்தாறு வருடம் நான் காணாத வழி
தன்னைத் தானே வரைந்துகொண்டது,
நெளிந்தது,
ஒருவரும் சொல்லாமலே
கீழே கீழே தள்ளியது.

பிறகு ஒரு மாத்திரை, அதுவும் பேரியம்,
பதின்மூன்று மில்லிமீற்றர்.
நெஞ்சுக்குழிக்குச் சற்று மேலே வந்து
நின்றது.
தண்ணீர் குடி.
நின்றது.
கண்ணாடிக்கு அப்பாலிருந்து டாக்டர் ஓலெக்சுக்:
"அங்கே ஒரு ரிங் இருக்கிறது."

ரிங்கா?
என் மோதிரம் ஏஜென்சிக்காரனிடம் போய்
பத்தொன்பது வருடம்.
விரலில் வெளிறிய வட்டம்கூட இப்போது இல்லை.
சிரிப்பு வந்தது.
"அசையாதே," என்றாள் மரிசெல்.

அப்போ அந்தப் பாண் துண்டு
நின்றதும் இங்கேதான்.
போர்ட்டேஜ் அவெனியூவில், பின்னால் நாற்பது பேர்,
கண்ணில் நீர் முட்ட
நான் கதவைத் திறந்து மூடிய அந்தப் பின்னேரம்.
மனப்பதற்றம் என்று எழுதித் தந்தார்
குடும்ப வைத்தியர், இரண்டு முறை.

பதற்றத்துக்கு நிழல் விழாது, டாக்டர்.

மாத்திரை மெல்ல உடைந்து இறங்கியது.
வளையத்தைப் பிறகு விரிக்கலாமாம்,
பலூன் வைத்து.
இன்றைக்கு எட்டுக் கோப்பை தண்ணீர்,
குறையாமல்.
இரண்டே முக்காலுக்கு என் பஸ்.
கோட்டை மாட்டிக்கொண்டே
எந்தெந்தத் தரிப்பில் கழிப்பறை என்று
எண்ணத் தொடங்கினேன்.