ஒன்பதாம் தூண்

செகாம்புட்டில், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்,
முன்பு ரப்பர் செருப்பு செய்த கட்டடத்தின்
இரண்டாவது மாடிக்கு
நாற்பத்திரண்டு நாள் கெடு.
வரப்போவது ஒரு காப்புறுதி நிறுவனம்.
எண்பது மேசை. மேசைக்கு இரண்டு பிளக் வீதம்
எனக்கு நூற்று அறுபது வேலை.

முதல் நாள் பொய்க்கூரையைப் பிரித்தோம்.
தூசி இறங்கியது. அதன் பின்னாலேயே
சுருள் சுருளாய் நீல ரப்பர்த் தகடுகள்,
செருப்பு வெட்டி எடுத்தது போக மிச்சம்.
தகடெங்கும் பாத வடிவில் ஓட்டைகள்.
ரஃபிகுல் ஒன்றை முகத்துக்கு நேரே தூக்கி
குதிகால் வழியாக என்னைப் பார்த்தான்.
எல்லாமே இடது கால், அக்கா, என்றான்.
வலது காலைத் தேட எங்களுக்கு நேரமில்லை.

என் அம்மா இங்கே வேலை பார்த்தவர் என்று சொன்னால்
இந்த இடத்தில் கவிதைக்குப் பொருத்தமாக இருக்கும்.
பார்க்கவில்லை. அவர் காப்பாரில், கையுறை ஆலையில்.
இந்தக் கட்டடத்துக்கும் எனக்கும்
ஓர் ஒப்பந்தத் தாள்தான் உறவு.

வடிவமைப்பாளர் ஹூய் ஷானுக்குத் துரு பிடிக்கும்.
உத்திரத்துத் துருவைச் சுரண்டாதே என்றாள்.
அது மேலும் துருப்பிடிக்காமலிருக்க
இரண்டு கோட் வார்னிஷ்.
தூண்களில் வெள்ளைப் பெயிண்டில் ஐந்து முதல் பத்துவரை.
எந்த வரிசையில் எந்த அளவுச் செருப்பு என்ற கணக்கு.
கூட்ட அறைகளுக்கு அவையே பெயராயின.
என் காலளவு ஆறு.
ஆறாம் அறை கழிவறையை ஒட்டி இருக்கிறது.

தரையில் ஓர் எண்ணெய்க் கறை, எருமைத் தோல் அளவு.
எபோக்சி ஊற்றினோம். மூன்றாம் நாள் மேலே வந்தது.
மறுபடி ஊற்றினோம்.
வந்தது.
கார்ப்பெட் போடு என்றார் மிஸ்டர் லியூ.

ஒன்பதாம் தூணுக்குப் பின்னால்தான் அந்தக் கறுப்புக் கம்பி.
வரைபடத்தில் இல்லை.
மாடி பூட்டிப் பதினோரு வருடம்.
செத்த கம்பிதான் என்று டெஸ்டரை வைத்தேன்.
சிவப்பாய் எரிந்தது.

படிக்கட்டு விளக்கு மீட்டரில் பிறந்து
சுவரைத் துளைத்து, மழைக்குழாயோடு இறங்கி,
சந்தைத் தாண்டி, துத்தநாகக் கூரையில் ஏறி,
காக் ரோஹானாவின் கடையில் முடிந்தது.
ஓர் ஐஸ் பெட்டி, ஒரு காற்றாடி, இரண்டு குழல் விளக்கு.
முப்பது நாளாய் நான் தே தாரிக் குடித்த மேசைக்கு
நேர் மேலே.

இரவு ஷிப்டுக்கு டீ வேண்டுமென்று
அவர்களே இழுத்துக் கொடுத்தார்கள் என்றார் அவர்.
போகும்போது கழற்ற மறந்தார்கள்.
நான் ஞாபகப்படுத்தவில்லை.
கண்ணாடிக் குவளையைத் துடைத்தபடியே சொன்னார்.
குரலில் மன்னிப்பும் இல்லை, பயமும் இல்லை.

வியாழக்கிழமை பரிசோதனை.
புதிய வரைபடத்தில் 'படிக்கட்டு விளக்கு, உபரி' என்று
ஒரு கோடு போட்டால் போதும்.
யாரும் மோப்பம் பிடிக்க மாட்டார்கள்.
பேனா கொஞ்ச நேரம் காற்றில் நின்றது.
உரிமம் என் பெயரில். கையெழுத்து என்னுடையது.
தீப்பிடித்தால்
எரியப் போவது அவர் கூரையும்.

மாலை ஆறு மணிக்குச் சொல்லிவிட்டு,
ஐஸை அவர் காலி செய்யும்வரை காத்திருந்து,
வெட்டினேன்.
அந்தப் பெட்டி இத்தனை நாள் முனகிக்கொண்டிருந்தது
அது நின்றபோதுதான் கேட்டது.

நாற்பதாம் நாள் அவர் கடைச் சுவரில் புது மீட்டர்,
முத்திரைக் கம்பிகூட மங்கவில்லை.
தே தாரிக் இரண்டு வெள்ளியிலிருந்து இரண்டு இருபது.
ஐந்து வெள்ளி நீட்டினேன்.
மீதியை மேசைமேல் எண்ணி வைத்தார்,
இரண்டு எண்பது, ஒரு காசு விடாமல்.

சாவி கொடுத்த அன்று
வரவேற்பறையில் நீலத் தகடு கண்ணாடிச் சட்டத்துக்குள்.
ஒருவர் அதை மேகம் என்றார்.
ஒன்பதாம் தூணின் ஓட்டைக்கு
வெள்ளை மூடி, இரண்டு திருகு.
கறை மறுபடி வந்தால் என்றேன்.
மிஸ்டர் லியூ கார்ப்பெட்டைக் காலால் அழுத்திப் பார்த்தார்.
அது அவர்கள் குத்தகை என்றார்.