ஐஸ் குச்சி

பழைய மெஷின். இரண்டு பச்சைப் பொத்தான்.
இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான்
மேலச்சு இறங்கும்.
கை இரண்டும் வெளியே இருக்கட்டும் என்று
எவனோ நல்லவன் யோசித்துச் செய்தது.

ஐஸ் பொத்தோங் குச்சியை முறித்து
இடது பொத்தானின் இடுக்கில் செருகினால்
அது அழுந்தியபடியே கிடக்கும்.
ஒரு கை மிச்சம்.
மணிக்கு நானூறு என்பது
ஐந்நூற்றைம்பதாகும்.
எங்கள் லைனில் எல்லாருக்கும் தெரியும்.
லீடர் லோகாவுக்குத் தெரியும்.
டார்கெட் பலகைக்குத் தெரியும்.

தீபேந்திராவுக்குத் தெரியாது.
நேப்பாளத்திலிருந்து வந்து பதினோரு நாள்.
சொல்லிக் கொடுத்தேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்,
காட்டிக் கொடுத்தேன் என்று வந்துவிட்டது.
இருக்கட்டும்.

நான் தின்ற ஐஸின் குச்சிதான்.
நுனியில் சிவப்பு அவரையின் கறை.
"கெட்டிக்காரி, திதி" என்று சிரித்தான்.

புதன் இரவு மூன்று பத்து.
மெஷின் சத்தம் எப்போதும் போலத்தான்.
அடுத்த அடி விழவில்லை,
அதனால் திரும்பினோம்.

எங்கள் ஊருக்குப் பிறை என்று பெயர்.
நகத்தடியிலும் வெள்ளையாய் ஒரு பிறை இருக்குமே,
மூன்று போயிற்று.

எல்லாரும் அவனிடம் ஓடினார்கள்.
நான் பொத்தானிடம் ஓடினேன்.

காலையில் அதிகாரி வந்தார்.
இரண்டையும் அழுத்திப் பார்த்தார்,
ஒன்றை மட்டும் அழுத்திப் பார்த்தார்,
படம் பிடித்தார்.
மெஷின் யோக்கியமாய் நடந்துகொண்டது.
பாரத்தில் காரணம் என்ற கட்டம் சின்னது,
மலாயில் இரண்டு சொல் போதுமானதாயிருந்தது:
கெச்சுவாயான் பெக்கெர்ஜா.
ஊழியரின் அலட்சியம்.
பக்கத்து மெஷின்காரி நீதானே, பார்த்தாயா?
தாக் தாவு என்றேன்.
என் தமிழ் வாய்க்கு
அந்தப் பொய் மலாயில் சுலபமாய் வந்தது.

ஞாயிறு செபராங் ஜெயா மருத்துவமனைக்கு
ஆரஞ்சு வாங்கிப் போனேன்.
உரிக்க அவனுக்கு ஒரு கைதான் என்பது
கட்டிலருகில் நின்றபோதுதான் உறைத்தது.
உரித்துக் கொடுத்தேன்.
சுளையைப் பிடித்தபடி,
அரை மலாயில் தாழ்ந்த குரலில் கேட்டான்:
"நான் குச்சியைச் சரியாகச் செருகவில்லையா, திதி?"

திங்கட்கிழமை அவன் மெஷினில்
யாரோ ஒரு பையன், பெயர் இன்னும் கேட்கவில்லை.
வேலை பழக
என் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இந்த வாரம் நான் நானூறைத் தாண்டவில்லை.
"இடது கைக்கு என்னடி?" என்கிறாள் லோகா.

யூனிஃபார்ம் பையில் இருக்கிறது அது.
இரண்டு முறை துவைத்தாயிற்று.
கறை போய்விட்டது,
எந்தக் கறை என்றுதான் தெரியவில்லை.