குனிந்து பார்ப்பது

பதினோராயிரம் கொடுத்தேன்.
அந்தப் பணத்துக்கு ஒரு வாஷிங் மெஷின் வந்திருக்கும் என்றாள் சுபாஷிணி.
துவைத்துக்கொண்டேதான் சொன்னாள்.

பெரம்பூரில் ஒரு பல் டாக்டரின் பீரோவில்
எக்ஸ்ரே உறைகளுக்கு அடியில் கிடந்த யாஷிகா.
ஒன்றின் மேல் ஒன்றாய் இரண்டு கண்.
மேல்கண் எனக்கு,
கீழ்க்கண் ஃபிலிமுக்கு.
பேட்டரி இல்லை, அதனால் சாவதும் இல்லை.
மூடியைத் திறந்தால் ஒரு சதுரக் கிணறு,
அடியில் தண்ணீருக்குப் பதில்
இடம் வலம் மாறிய மவுண்ட் ரோடு.

வேலை நாளில் நான்
நசுங்கிய கார்களைப் படமெடுக்கிறவன்.
இன்ஷூரன்ஸுக்காக.
பம்பர், கதவு, சேசிஸ் எண்.
வெள்ளம் வடிந்த ஒரு டிசம்பரில்
வேளச்சேரியில் மட்டும் ஒரே நாளில் நானூறு.
ஒன்றும் நினைவில்லை,
ஒரு டேஷ்போர்டில் சேற்றோடு சிரித்த
பொம்மை நாய் தவிர.
அதை நான் எடுக்கவில்லை.

இதில் சுருளுக்குப் பன்னிரண்டுதான்.
ஃபிலிம், கழுவும் கூலி, கூரியர்
எல்லாம் கூட்டி வகுத்தால்
ஒரு சொடுக்கு நூற்றுப் பத்து ரூபாய்.
ஒரு மீன் சாப்பாடு.
ஆகவே பசித்தால்தான் அழுத்துகிறேன்.

வெளிச்சம் அளக்கும் முள் எப்போதோ படுத்துவிட்டது.
பரவாயில்லை,
மே மாதத்து வெயிலை
நெற்றியே சொல்லிவிடும்.

இந்த ஊர்க் காற்றுக்கு லென்ஸ் என்றால் ஆசை.
ஈரமாய் உள்ளே நுழைந்து
சிலந்திக் கால்போல் பூஞ்சை விரிக்கும்.
அதனால் எங்கள் வீட்டில்
காற்றுப்புகாத டப்பாவில் வாழும் பாக்கியம்
இரண்டுக்கு: அப்பளம், யாஷிகா.
இப்போதெல்லாம் மாத்திரை பாட்டிலில் வரும்
சிலிக்கா பொட்டலத்தை
யாரோ சத்தமில்லாமல் அதற்குள் போட்டுவைக்கிறார்கள்.
வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்.

ஞாயிறு. காசிமேடு. காலை ஆறரை.
பதினொன்று முடிந்துவிட்டது.
அதில் இரண்டு கை நடுங்கியவை,
ஒன்றில் ஃபோகஸ் சங்கராவை விட்டுவிட்டு
பின்னாலிருந்த ஐஸ் பெட்டிக்குப் போயிருக்கும்.

போனைத் தூக்கினாலே முகம் திருப்பிக்கொள்ளும் பாக்கியசீலி
இன்றைக்குத் திருப்பவில்லை.
வயிற்றோடு பெட்டியை அணைத்துத்
தலைகுனிந்து நிற்பவனை
படமெடுப்பவன் என்று யார் நினைப்பார்கள்?
"இன்னா சார், காசு கீய விய்ந்துச்சா?"

காட்டினேன்.
செதிள் ஒட்டிய கையால் வெயிலை மறைத்துக் குனிந்தாள்.
கூடையோடு அவள் மகன்
படகுப் பக்கம் போய்க்கொண்டிருந்தான், வலப்புறமாக.
கிணற்றுக்குள் இடப்புறமாக.
நிமிர்ந்து பார்த்தாள். குனிந்து பார்த்தாள்.
மறுபடி நிமிர்ந்து, மறுபடி.

"இதுல பாத்தா
ஊட்டுக்குத் திரும்பி வர்ற மாரி கீறான்."

எடுக்கட்டுமா என்றேன், விரல் பொத்தான்மேல்.
"இரு. பாத்துக்கறேன்."

வார் என் கழுத்தில் இருந்ததால்
நானும் குனிந்தே நின்றேன்,
இருவர் தலையும் முட்டாத குறையாக.
சங்கரா என்ன விலை என்று
யாரோ இரண்டு தரம் கேட்டார்கள்.