ஏழாம் நிமிடம்

இரவு பத்தரைக்கு மேல்
மின்விசிறியை நிறுத்தினால்தான் என் குரல் எனக்கே கேட்கும்.
மசாலா டப்பாக்களின் மேல் கைபேசியைச் சாய்த்து வைத்து
சமையல்கட்டுப் பலகையில் பாய்மங்கள் நடத்துகிறேன்
பதினொரு நிமிடம்.
நாலாம் நிமிடத்தில் ஒரு கொசுவை அடிக்கிறேன்.
அதை வெட்டியெடுக்க எனக்குத் தெரியவில்லை.

பாடம் வீட்டுக்கு. கணக்கு வகுப்புக்கு.
"அப்ப வகுப்புல நீங்க என்ன பண்ணுவீங்க டீச்சர்?"
என்றார் தலைமையாசிரியர்.
நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதல் வாரம் பார்த்து வந்தவர்கள் ஒன்பது பேர்.
டேட்டா தீர்ந்துவிட்டது.
அப்பா கைபேசியோடு அறுப்பு மெஷின் ஓட்டப் போய்விட்டார்.
அக்கா கொடுக்கவில்லை.
ஆய்வகத்தில், தராசுக்குப் பக்கத்தில்,
திரை கீறிய பழைய கைபேசிகள் இரண்டைச் சார்ஜில் போட்டு வைத்தேன்.

மற்றவர்கள் பார்ப்பது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்.
நெல்மூட்டை ஏற்றிய சரக்கு ரயில் முன்னும் பின்னும் நகர
இருபது நிமிடம் அசையாத பேருந்துக்குள்
ஏழெட்டு இருக்கைகளிலிருந்து நான் பேசுகிறேனாம்,
ஒன்றுக்கொன்று நாலு நொடி முந்தியும் பிந்தியும்.
"யாருப்பா இந்தம்மா, கொசு அடிச்சுக்கிட்டே இருக்கு?"
என்று கேட்டிருக்கிறார் கண்டக்டர்.

வகுப்பில் சாக்பீஸ் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது.
பதினாறு வருடம் பேசிய வாய்.
கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல்
பெஞ்சுகளுக்கு நடுவே நடக்கிறேன்.

"குறுகலான இடத்துல நெரிசல். நெரிசல்னா மெதுவாத்தானே போவும்,
கேட்டுல வண்டிங்க மாதிரி"
என்கிறான் இளமாறன்.
"வண்டி நிக்கும். தண்ணி நிக்குமா?
பின்னாடி வர்றது தள்ளிக்கிட்டே இருக்குல்ல?"
இது மெர்லின்.
"மிஸ்ஸே சொல்லிட்டாங்கடி, குறையும்னு"
என்று நோட்டைத் திருப்பிக் காட்டுகிறான் அவன்.

நான் அப்படிச் சொல்லவில்லை.
சொல்லியிருக்கவே மாட்டேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஹாஜிரா எழுந்தாள்.
வருகைப்பதிவுக்கு வெளியே
அவள் குரலை நான் கேட்டதே இல்லை.
"ஏழாவது நிமிஷத்துல மிஸ்.
பரப்பு குறைஞ்சா வேகமும் குறையும்னு ஒரு தடவை சொல்றீங்க.
மூணு வாட்டி பின்னால இழுத்துப் பார்த்தேன்.
நாந்தான் தப்பாக் கேக்குறேனோன்னு."

நாற்பத்தோரு தலைகள் என் பக்கம் திரும்பின.
கைபேசியை எடுத்து ஏழாம் நிமிடத்தைத் தேடினேன்.
வியர்த்த முகத்தோடு ஒருத்தி,
கொஞ்சமும் தயங்காமல்,
தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.
ஆனால் உள்ளே வேறொன்று ஓடியது:
பதினாறு வருடம், வருடத்துக்கு இரண்டு பிரிவு,
எத்தனை ஏழாம் நிமிடங்கள்.
பின்னால் இழுத்துப் பார்க்க வழியில்லாமல்
எத்தனை ஹாஜிராக்கள்
தாங்கள்தான் தப்பாகக் கேட்டதாக நினைத்துக்கொண்டு
எழுதி வைத்திருப்பார்கள்.

மணியடிக்கும் நேரத்தில் சினேகப்பிரியா கேட்டாள்:
"மூணாறு தலைப்புல வெண்ணாறு ஒண்ணா வருது,
மூணாப் பிரிஞ்சு போவுது.
அங்க எந்தப் பரப்பை மிஸ் எடுத்துக்கணும்?"
வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன்.
பெட்டியிலிருந்து சாக்பீஸை எடுத்து
கேள்வியை மட்டும் பலகையில் எழுதிவிட்டு வந்தேன்.
கீழே நிறைய இடம் விட்டிருக்கிறேன்.

இப்போது மணி பத்தே முக்கால்.
மின்விசிறி நின்றுவிட்டது. டப்பாக்கள் அடுக்கியாயிற்று.
"வணக்கம் பிள்ளைகளே.
இந்தப் பாடத்தில் ஒரு இடத்தில்
வேண்டுமென்றே தப்பாகச் சொல்லப் போகிறேன். கண்டுபிடியுங்கள்."

கொஞ்சம் நிறுத்தி, கொசுவை விரட்டி,

"இரண்டு இருந்தால்
இரண்டையும் சொல்லுங்கள்."