பன்னிரண்டு மணிச் சங்கு

எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில்
தினமும் நண்பகலில் சங்கு ஊதும்.
பள்ளி மணியடிக்கும். ரோமக் கொட்டகையில்
கத்தரியைக் கீழே வைப்பார்கள்.
யெர்கோவுக்கு மட்டும் அது
காதுக்குள் இறங்கும் கம்பி.

நான்கு வயதில் மேசைக்கடியில் புகுந்து
நெற்றியால் தரையை இடித்தான்.
அவன் அப்பா நண்டுப் படகில் இருந்தார்.
தகரச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து
"பிள்ளையை அடிக்காதே" என்று கத்தினாள்
பக்கத்து வீட்டுக்காரி.
என்ன பதில் சொல்ல?

போர்வெனிர் என்று ஊருக்குப் பெயர்.
வருங்காலம் என்று அர்த்தம்.
டாக்டர் சீட்டில் ஆட்டிசம் என்று எழுதி
மாதம் இருமுறை பேச்சுப் பயிற்சி என்று அடிக்கோடிட்டார்.
பயிற்சி தருகிறவள் ஜலசந்தி தாண்டி வர வேண்டும்.
காற்று அந்தச் சீட்டைப் படித்ததில்லை.

வராத படகுக்காகத் துறையில் நின்றபோதுதான்
ஃப்ரெசியாவைப் பார்த்தேன்.
அவள் மகள் லாரிகளின் சக்கரங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்,
லாரிகளை அல்ல.
ஃப்ரெசியா எதையும் விசாரிக்கவில்லை.
பையிலிருந்து ஒரு காதடைப்பானை எடுத்து நீட்டினாள்,
ஒரு பக்கம் பிளாஸ்திரி ஒட்டியது.
"வைத்துக்கொள். எங்களிடம் இன்னொன்று இருக்கிறது."
இன்னொன்று இல்லை என்று
ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஐந்து வீடானோம், பிறகு ஏழு.
திங்கட்கிழமை கடையைச் சாத்திவிட்டு
கண்ணாடிமேல் துணி போர்த்தி
மெஷின் இல்லாமல் முடி வெட்டினார் எலேயுதேரியோ.
கம்பளித் துண்டுகளுக்குள் பயறு நிரப்பி
கனத்த போர்வை தைத்தாள் நெவென்கா
(மூன்றாம் மாதம் வண்டு வைத்தது;
முற்றத்தில் உதறினோம், கோழிகளுக்கு விருந்து).
உதவித்தொகைப் படிவம், பதினோராம் பக்கம்,
எந்தக் கட்டத்தைத் தொடவே கூடாது என்பது
ஏழு சமையலறைச் சுவரிலும் ஒட்டியிருக்கிறது.

சங்கை நிறுத்தச் சொல்லி
கேப்டன் பால்தோமேரோவிடம் போனோம்.
"ஊரே சண்டைக்கு வரும்" என்றார்.
பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார்.
அப்புறம் கேட்டார்: "ஊதுவதற்கு முன்னால்
உங்களில் ஒருத்திக்கு நான் போன் செய்தால்?"

பதினொன்று ஐம்பதுக்கு அவர் ஃப்ரெசியாவை,
ஃப்ரெசியா என்னை, நான் நெவென்காவை,
நெவென்கா மேட்டு வீட்டு இரட்டையரின் தகப்பனை.
"பத்து நிமிடம்." அவ்வளவுதான் பேச்சு.
சில நாள் கொஞ்சம் கூடும்:
"ராத்திரி தூங்கினானா?"
"இல்லை."
"இங்கேயும்."
ஒருநாள் எனக்குக் குரல் வரவில்லை.
போனை வைக்காமல் அப்படியே இருந்தாள்,
சங்கு ஊதி முடியும்வரை.

இந்த ஜூலையில் உறைபனி ஏறி சங்கின் மோட்டார் எரிந்தது.
புதியது படகில் வருமாம். சிரித்தோம்.
மகிழ்ந்தேன், மறைப்பதற்கென்ன.
அன்று அதிசயமாகக் காற்றும் இல்லை.
பன்னிரண்டுக்கு யெர்கோ காதடைப்பானை மாட்டி
ஜன்னலோரம் நின்றான்.
பன்னிரண்டு ஒன்று. பன்னிரண்டு இரண்டு.
கழற்றினான். மாட்டினான். கழற்றினான்.
அவன் முகம் கலங்கியது.
நான் மேசையை நகர்த்த ஓடினேன்.

வாயைத் திறந்தான்.
அடியிலிருந்து மெல்ல ஏறி
உச்சியில் நடுங்கி நின்று
உடைந்து இறங்கும் அதே ஊளை,
இம்மி பிசகாமல்,
ஒன்பது வயதுத் தொண்டையில்.

சுவருக்கு அந்தப் பக்கம்
பக்கத்து வீட்டுக்காரி
சூப்புப் பானையை அடுப்பிலிருந்து இறக்கும் சத்தம் கேட்டது.

போன் அடித்தது. ஃப்ரெசியா.
"நாளைக்கும் ஊதுவானா?"
தெரியவில்லை என்றேன்.
"ஊதுவதானால் பத்து நிமிடம் முன்னால் சொல்லு.
இங்கே இவள் பயந்துவிட்டாள்."